திடலில் ஆடும் பிள்ளைகளுக்கு எந்தப் பந்து?

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையிலுள்ள புட்சால் தளங்களிலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதித் திடல்களிலும் மாலையில் கிரிக்கெட் ஆடும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹெல்மெட்டோ காலுக்குப் பேடோ இல்லாமலேயே மட்டை பிடிக்கின்றனர். இந்த நிலையில், கையில் எடுக்கும் பந்து எது என்பதே காயத்தின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கடைகளில் கிடைப்பவற்றைத் தோல் பந்து, உட்பகுதி இளகிய மென்கருப் பயிற்சிப் பந்து, டென்னிஸ் பந்து, டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, ஹார்ட் டென்னிஸ் என ஐந்தாகப் பிரிக்கலாம்.

தோல் பந்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. பெரியவர்களுக்கான பந்து ஏறத்தாழ 156 முதல் 163 கிராம் எடையும், 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் எடையும் உடையவை. இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டோர் கடினப் பந்தை எதிர்கொள்ளும்போது ஹெல்மெட் அணிய வேண்டும் என்பதும், 13 வயதுக்கு உட்பட்ட களத்தடுப்பாளர் நடு ஸ்டம்பிலிருந்து 11 கெஜத்துக்குள் நிற்கக் கூடாது என்பதும் விதிமுறையாகவே உள்ளன. விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கத்தில், அதாவது மட்டையாளரின் முகம் திரும்பியிருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. முறையான கிரிக்கெட் மைதானத்தில், சீரான ஆடுகளமும் முழுக் காப்புச் சாதனங்களும் இருக்கும்போது தோல் பந்துக்கு இடமுண்டு. சிமெண்டுத் தளத்தில் அறவே இல்லை.

மென்கருப் பயிற்சிப் பந்தை வாங்கும் பெற்றோர், உறையில் உள்ள ‘மென்மை’ என்ற சொல்லை நம்பிவிடுகின்றனர். அதன் உட்பகுதி இளகியதுதான். ஆனால் தோல் பந்தைப் போலவே பழக்கம் தர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவதால், பல வகைகளின் எடை தோல் பந்துக்கு நெருக்கமாகவே இருக்கும். விரலில் பட்டால் வலி குறையலாம். முகத்தில் பட்டால் அந்த எடை முழுவதும் வந்து மோதுகிறது. பயிற்றுநர் பக்கத்தில் நின்று, வீச்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் வலைப்பயிற்சிக்கு இது நல்ல பந்து. பயிற்றுநர் இல்லாத திடலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம்தான். ஒரே வேகத்தில் வரும்போது, 160 கிராம் தோல் பந்து இதைவிட ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது என்பதே இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு. ஆனால் இதற்கும் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, எகிறல். விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினத் தளத்தில் விடப்படும் டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பதால், சிமெண்டில் மட்டையாளருக்குச் சற்றுத் தள்ளியே விழுந்த பந்துகூடப் பத்து வயதுப் பையனின் முகத்துக்கு ஏறிவிடும். இரண்டாவது, கண். மோதும்போது நசுங்கும் பந்தின் ஒரு பகுதி கண்குழிக்குள் பிதுங்கி விழியைத் தாக்கக்கூடும். மென்மை இங்கே முழுமையான காப்பு அல்ல. காற்றுக் குறைந்த பழைய டென்னிஸ் பந்துகள் எகிறலைக் குறைக்கின்றன என்பதால், டென்னிஸ் ஆடுவோர் கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்குவது செலவையும் மிச்சப்படுத்தும்.

டேப் பந்தின் கதை சிக்கலானது. மின்கம்பி டேப்பை இழுத்துச் சுற்றியதும் பந்தின் ரோமம் மறைந்து, காற்றுத் தடை குறைகிறது, எகிறலும் தணிகிறது. சிமெண்டுத் தளத்தில் இது உண்மையிலேயே ஒரு நன்மை, பந்து முகத்துக்கு ஏறாமல் இடுப்பளவில் வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் எடையைக் கூட்டுகிறது, பந்து வழுக்கிக்கொண்டு விரைகிறது. கவனிக்க வேண்டியது டேப்பின் விளிம்பை: சில ஓவர்களிலேயே அது சிமெண்டில் உரசிப் பிளந்து, ஒரு நாக்குப் போலத் தொங்கத் தொடங்கும். அந்தப் பந்து விழுந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது வீசியவனுக்கே தெரியாது. விளிம்பு கிளம்பியதும் டேப்பை முழுவதும் உரித்து ஒரே ஒரு சுற்றாக மீண்டும் சுற்ற வேண்டும். பழைய டேப்பின் மேலேயே புதிதாகச் சுற்றிக்கொண்டே போகும் வழக்கம், பார்வைக்கு டென்னிஸ் பந்தாகவும் கைக்குக் கல்லாகவும் இருக்கும் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது.

ஐந்திலும் நான் அதிகம் அஞ்சுவது ஹார்ட் டென்னிஸைத்தான். தடித்த ரப்பரால் ஆன இதில் சில வகைகள் 100 கிராமைத் தாண்டுகின்றன. தோல் பந்தைக் கண்டால் பிள்ளைகள் தாமாகவே ஒதுங்குவர். இதுவோ டென்னிஸ் பந்தின் நிறத்தில் இருப்பதால், வெறுங்கையோடு பக்கத்தில் போய் நிற்கின்றனர்.

மழை இந்த மதிப்பீட்டைச் சற்றுக் கலைக்கிறது. பிற்பகல் மழைக்குப் பிறகு ஈரத் திடலில் உருளும் டென்னிஸ் பந்தின் ரோமம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். டேப் பந்து அவ்வளவாக நனையாது, ஆனால் பிடியிலிருந்து நழுவி மட்டையாளரின் தலையை நோக்கிப் பறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய மாலைகளில் உலர்ந்த டென்னிஸ் பந்துகள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே சரி.

ஞாயிறு ஆட்டத்தில் பதினேழு வயது அண்ணன்மாரும் பத்து வயதுத் தம்பிமாரும் ஒரே அணியில் கலந்து நிற்கும்போது, பந்தை மூத்தவர்கள் கொண்டுவருவதால் அது பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்ற பந்தாகவே அமைகிறது. களத்தில் இருப்பவர்களில் மிக இளையவனுக்கு எது பொருந்துமோ அதையே ஆட்டம் முழுவதும் பயன்படுத்த வேண்டும். அவன் வீட்டுக்குப் போன பிறகு வேண்டுமானால் அண்ணன்மார் தங்கள் பந்தை எடுத்துக்கொள்ளட்டும்.