பிளேக், பாமர் ஓவியங்களின் அச்சுப் பிரதிகள்: பென்சில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்

ஆங்கில ஓவியர்கள் வில்லியம் பிளேக், சாமுவேல் பாமர் ஆகியோரின் நீர்வண்ண ஓவியங்களைப் பிரதியாக வாங்குகிறவர்கள், வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, தாளின் நிறமும் பென்சில் கோடுகளும் எப்படி வந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அண்மையில் நான் வரவழைத்த இரண்டு பிரதிகளும் பருத்தித் தாளில் நுண்ணிய நிறத்துகள் கொண்ட நிறமி மையால் அச்சிடப்பட்டவை.

முதலாவது, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘தெய்வீக நாடக’த்துக்கு பிளேக் வரைந்த வரிசையில் வரும் ‘காதலர்களின் சூறாவளி’. ஓவியரும் பிளேக்கின் ஆதரவாளருமான ஜான் லின்னெல் கேட்டுக்கொண்டபடி 1824இல் தொடங்கி, 1827இல் இறக்கும்வரை பிளேக் இவ்வரிசையில் உழைத்தார். 102 ஓவியங்களில் பல முடிவு பெறாமலே நின்றுவிட்டன. எனவே, கை தயங்கிய இடங்களும் கோடு மாறிய இடங்களும் இவற்றில் ஓவியத்தின் உயிரான பகுதிகள். சுழலில் அடித்துச் செல்லப்படும் உடல்கள், மூர்ச்சித்துக் கிடக்கும் தாந்தே, அருகில் நிற்கும் அவருடைய வழிகாட்டி வெர்ஜில், மேலே ஒளிவட்டத்துக்குள் தழுவி நிற்கும் இணை என எங்கு பார்த்தாலும், வண்ணப் பூச்சுக்கு அடியில் ஓடும் கோடுகள் இந்தப் பிரதியில் தெளிவாகத் தெரிகின்றன. ஏறத்தாழ 37 x 52 செ.மீ. என்ற மூல அளவிலேயே அச்சிட்டிருப்பதும் இதற்குக் காரணம். முன்பு வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய இதே ஓவியத்தில், பழுத்த தாளின் நிறத்தைச் சுத்த வெள்ளையாக்கி, வண்ணங்களைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். மெல்லிய கோடுகள் அத்தனையும் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தன.

இரண்டாவது, பாமர் 1830 வாக்கில் வரைந்த ‘மாய ஆப்பிள் மரம்’. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலுள்ள மூலத்தில் சில இடங்களில் வண்ணத்தோடு பிசின் போன்ற பொருளைக் கலந்திருக்கிறார் என்பதால் அங்கே நிறம் அடர்ந்து திரண்டிருக்கும். மினுமினுப்பற்ற தாளில் அந்தத் திரட்சி வராது. கனிகளின் சிவப்பும் வயலின் பொன்னிறமும் சரியாக வந்தும், படம் சற்றுத் தட்டையாகவே இருக்கிறது. இது அச்சகத்தின் பிழையன்று, தாளின் எல்லை.

வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்காத தாளா என்று கேட்டு வாங்குங்கள். அது சேர்ந்த தாள் நாளடைவில் மஞ்சளிக்கும். எனக்குள்ள ஒரே குறை ஓரவெளி போதாமைதான்: சட்டமிடும்போது படத்தின் விளிம்பு, அதைச் சுற்றி வைக்கும் அட்டைக்குள் மறையாதிருக்க, நான்கு பக்கமும் இன்னும் சற்று இடம் விட்டிருக்க வேண்டும்.