தாலுகா கோர்ட் இலவச சட்ட உதவி மையம்: நம்பிப் போகலாமா?

பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று எந்தக் கோர்ட் வளாகத்துக்குப் போனாலும் ‘வட்ட சட்டப் பணிகள் குழு’ என்று ஒரு பலகை கண்ணில் படும். அந்த மாதிரி ஒரு மையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் எங்கள் தாலுகா எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் விவகாரம் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதுதான்: தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம். பங்காளி வீட்டார் தடத்தில் கல்லுக்கால் நட்டார்கள், என் தம்பி பிடுங்கினான், கைகலப்பாகிவிட்டது. நாங்கள் கொடுத்த புகாருக்கு, மனு வந்தது என்று பதிந்து கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி. அவர்கள் கொடுத்தது எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. அப்புறம் தம்பி செல்போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. சாட்சி சொல்ல அம்மாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டி வரச் சொல்லி போன் வேறு. அம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. “ஸ்டேஷன் படி ஏறுனா அப்புறம் ஊருக்குள்ள எப்படிக் கண்ணு நடமாடறது?” என்று அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

“காசு வாங்காத வக்கீல் வாயே தொறக்க மாட்டான்” என்றார் பெரியப்பா. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் நினைப்பது அதுதான். தறி ஓடாத சமயம், கையில் காசு இல்லை. 15100 என்ற இலவச எண்ணில் பேசிவிட்டு நேராக மையத்துக்கே போனேன்.

உள்ளே இருந்த சட்டத் தன்னார்வலர் அம்மா முன்பு அங்கன்வாடியில் வேலை பார்த்தவராம். “வாங்கம்மிணி, உக்காருங்க. காயிதத்தக் கொண்டாங்க” என்றார். பெண் என்பதால் எனக்கு வருமான வரம்பே கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டத்திலேயே இருக்கிறது. தறி ஓட்டுகிற தம்பியைத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். காவல்துறை இணையதளத்திலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்துக் கொடுத்தார். அதுவரை எங்கள் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. கட்டையால் அடித்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 118(1) பிரிவைப் போட்டிருந்தார்கள். சுவரில் பழைய பிரிவும் புதுப் பிரிவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பார்த்தால், பழைய ஐ.பி.சி.யில் நமக்குப் பழக்கமான 324-தான் அது. 2024 ஜூலை 1-இலிருந்து எண்கள் எல்லாம் மாறிவிட்டன. கோர்ட் வாசலில் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

எங்களுக்கு ஒதுக்கிய வக்கீலம்மா சின்ன வயது. முதலில் அம்மா விஷயத்தை எடுத்தார். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவின்படி, சாட்சி விசாரணைக்காகப் பெண்களையோ அறுபது வயது தாண்டிய ஆண்களையோ அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். வந்து எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. இதை எழுதி ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பெண் காவலர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். அம்மா காபி வேறு கொடுத்தார்.

தம்பிக்கு வந்தது அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவு நோட்டீஸ். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில், கைது தேவையில்லை என்றால் இதைக் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். சொன்னபடி போய் ஒத்துழைத்தால் கைது செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்த நோட்டீஸை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டதாம். தம்பி உடனே “அப்ப போக வேண்டாமுங்களா?” என்று எழுந்துவிட்டான். “அதச் சாக்கா வெச்சு ஒளிஞ்சுக்காதீங்க தம்பி. போய்க் கையில நோட்டீஸ் வாங்கிட்டு, அந்தத் தேதிக்கு ஆஜராகுங்க” என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்தப் பதிலில்தான். சட்டத்தில் ஓட்டை காட்டித் தப்பிக்கச் சொல்கிற வக்கீலைக் காசு கொடுத்தே நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஒருவேளை கைதாகிவிட்டால் என்ன என்பதையும் சொன்னார். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், நாம் சொல்லும் ஆளுக்குத் தகவல் போக வேண்டும், பயண நேரம் போக இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரிக்கும்போது வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள முடியாது. போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது ஒப்புதல் வாக்குமூலமாக நிற்காது. ரிமாண்டுக்குக் கொண்டுவந்தால் அந்த நேரத்திலேயே இலவச வக்கீல் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்காது.

இனிக் குறைகள். மத்தியானம் போனால் பூட்டுத்தான். அலுவலக போனை எடுக்க ஆளில்லை. காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பெஞ்ச், அதிலும் பாதியில் ஃபைல் கட்டு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் வக்கீல் மாறிவிட்டார். புதியவரிடம் கல்லுக்கால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அவர் பாதியில் வாய்தாவுக்கு எழுந்து போய்விட்டார். பழைய வக்கீல் எழுதிய குறிப்பு ஃபைலிலேயே இல்லை. உள்ளே கொடுக்கும் துண்டுப் பிரசுரம் தமிழ்தான், ஆனால் வாசித்துப் புரிந்துகொள்ள இன்னொரு வக்கீல் வேண்டும். வெளியே ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒருவர் “உள்ள சொல்லி விடறேன், ஐநூறு கொடுங்க” என்றார். கொடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட வக்கீலே கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், அவர் ஒரு நீதிபதி.

மக்கள் நீதிமன்றத்தில் தட விவகாரத்தைப் பேசி முடிக்கலாம் என்று இரண்டு வக்கீல்களுமே சொன்னார்கள். கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதை முதல் வக்கீலம்மாதான் சொன்னார், இரண்டாமவர் நான் கேட்ட பிறகுதான் ஆமாம் என்றார். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போலீஸிடமிருந்து முதல் காகிதம் வந்த அன்றே போகிறவர்களுக்கு நாலரை. கோர்ட் படி ஏறிய பிறகு போகிறவர்களுக்கு மூன்று. போகும்போது ஆதார் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, வந்த நோட்டீஸ் எல்லாம் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், அங்கே ஜெராக்ஸ் மெஷின் இல்லை. வழக்குக்கு உள்ள பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அடுத்த வாய்தா தேதியை ஈகோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம், குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டாம். தடம் யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்கு சர்வேயர் வர வேண்டும்.