குளத்து மட்டி: வாழிடம் திருத்துவதா, குஞ்சு வளர்த்து விடுவதா?

வன்னிக் குளங்களில் மட்டியை (இரண்டு ஓடுள்ள நன்னீர்ச் சிப்பி) மீட்க எதில் தொடங்குவது?

செலவு: ஆடி, ஆவணியில் நீர் வற்றும்போது கரைச் சேற்றைக் கையால் தடவினாலே உயிருள்ள மட்டியும் வெறும் ஓடும் தெரிந்துவிடும். வாழிடம் திருத்த இப்படிப் பார்த்துத் தொடங்குவது மலிவு. குஞ்சு வளர்க்கத் தொட்டி, மின்சாரம், பாசித் தீனி வேண்டும்.

சிக்கல்: மட்டியின் இளம்புழு மீனின் செவுளிலோ செட்டையிலோ ஒட்டி வாழ்ந்த பிறகே அடிமண்ணில் விழும். ஏற்ற மீன் எது என்று அறியாமல் தொட்டி கட்டினால் உழைப்பு வீண். குளத்திலும் அந்த மீன் இல்லாவிட்டால், விட்ட மட்டிக்குச் சந்ததி இராது. சத்தமில்லாமல் நீரை வடிகட்டும் உயிர் இது. செத்தாலும் யாரும் கவனிப்பதில்லை, அதுதான் என் கவலை.

இரணைமடு போன்ற பெரிய குளத்தில் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் வாழிடத்தைத் திருத்துங்கள். ஓடு மட்டுமே கிடக்கும் சின்னக் குளத்தில் அழிந்த காரணத்தை முதலில் நீக்கி, அப்புறம் குஞ்சு விடலாம். தாய் மட்டியை அருகிலுள்ள குளத்திலிருந்தே எடுங்கள்.