குளிர்கால ரயர் மாற்றப் போய் 3,480 டொலர் போனது

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், ஆகவே இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போகப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் இருக்கும் சிறிய கராஜ், முதலாளி நம்மவர், முன்னால் பழைய ரயர்களை அடுக்கி வைத்து விற்பவர் என்பது போதும். அப்படிப் பல கடைகள் இருக்கின்றன. நல்லவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

என்னிடம் இருப்பது 2010 ஆம் ஆண்டு போர்ஷே கேமன் என்ற ஸ்போர்ட்ஸ் கார். பழையதாக வாங்கியது, ஆனால் பிள்ளையைப் போலப் பார்த்த கார். நவம்பர் வந்தால் கோடைகால ரயர் இறுகிப் பிடிமானம் இழந்துவிடும் என்பது ஒன்ராறியோவில் எல்லோருக்கும் தெரியும். குளிர்கால ரயர் ஏற்றிய நான்கு அலுமினியம் ரிம்கள் 1,800 டொலருக்கு அந்தக் கடையில் இருந்தன. "இரண்டு குளிர்காலம்தான் ஓடியது தம்பி" என்றார் முதலாளி. பூட்டுவதற்கு 130 டொலர்.

அவை போர்ஷேயின் சொந்த ரிம்கள் அல்ல. அதனால் வாய்விட்டே கேட்டேன்: "அண்ணா, இதற்கு வேறு போல்ட் வேண்டாமா?" அவர் சிரித்துக்கொண்டே காரின் மீது கை வைத்து, "போல்ட்டுக்கு ஐந்து துளை, துளைகள் இருக்கும் வட்டம் 130 மில்லிமீற்றர், அச்சொட்டாகப் பொருந்தும். உம்முடைய போல்ட்டையே போட்டுவிடுகிறேன். புதுப் போல்ட் என்று சொல்லி உம்மிடம் இன்னும் நூறு டொலர் வாங்க எனக்கு மனம் வராது" என்றார். இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. வாங்கக்கூடிய காசை வேண்டாம் என்கிற வியாபாரி பொய் சொல்வாரா? தேநீர் வேறு கொடுத்தார். இரண்டு குடும்பங்களுக்கும் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு பொடியன் ஏர் கன்னால் படபடவென்று இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்கத்தை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் சுவரில் தொங்கியது, அழகாக, தூசியோடு.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். இந்தக் காரில் ஹப்பிலிருந்து, அதாவது சில்லு பூட்டப்படும் நடுப்பாகத்திலிருந்து, நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணியும் நட்டும் கிடையாது. சில்லைத் தூக்கிப் பிடித்து வெளியிலிருந்து ஐந்து போல்ட் பூட்ட வேண்டும். போர்ஷே போல்ட்டின் தலைக்குக் கீழே பந்துபோல உருண்ட வளையம் ஒன்று உண்டு. போர்ஷே ரிம்மின் துளையும் அதற்கேற்ற கிண்ணமாகக் கடையப்பட்டிருக்கும். இரண்டும் முழுப் பரப்பிலும் ஒட்டி உட்காரும். வேறு கம்பனிகளின் ரிம்களில் பலவற்றுக்குத் துளை 60 பாகைக் கூம்பு. கூம்புக்குள் பந்தை அழுத்தினால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். இந்தக் காருக்குரிய இறுக்க அளவான 130 நியூட்டன் மீற்றருக்குக் கணக்காக இறுக்கினாலும் பயனில்லை. அலுமினியத்தில் அந்தக் கோடு நசிந்ததும் ரிம்மை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டின் இழுவிசை போய்விடும், பிறகு அது தானாகவே கழன்று வரும். எனக்கு நடந்தது அதுதான். போதாததற்கு ரிம்மின் நடுத்துளை 71.6 மில்லிமீற்றர் ஹப்பைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையமும் போடவில்லை. ஹப்பின் முகத்தில் வீதி உப்புத் துருவை ஏற்றி வைத்திருந்தது, அதைக் கம்பித் தூரிகையால் ஒருமுறை தேய்த்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

நெடுஞ்சாலை 401 இல் பிக்கரிங் நெருங்கும்போது பின்பக்கம் இடதுபுறத்தில் டொக், டொக் என்று சத்தம். முதலில் வீதியின் குற்றம் என்று நினைத்தேன். அடுத்த கணமே காரின் பின்புறம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. பக்கத்தில் பெரிய ட்ரக். எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் ஒரு போல்ட் இல்லவே இல்லை. இன்னும் இரண்டைக் கையாலேயே சுழற்றலாம். மனைவி உள்ளே இருந்தார்.

அங்கிருந்தே கடைக்கு அழைத்தேன். முதலாளியின் பதில்: "ரசீதைப் பாரும் தம்பி. 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் வந்து திரும்ப இறுக்க வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறோம். நீர் வரவில்லையே." பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் கடையிலிருந்து நான் ஓடியதே 31 கிலோமீற்றர்! அதைச் சொன்னதும் "உங்களைப் போன்றவர்கள் வேகமாக ஓடுவீர்கள்" என்றார். அடுத்த அழைப்பில், கோடை முழுக்க நான் போல்ட்டைக் கழற்றிப் பூட்டியிருப்பேன் என்றார். அதன்பிறகு பொடியன்தான் எடுத்தான்: "அண்ணா வெளியே போய்விட்டார்." அவருடைய இருமல் பின்னால் கேட்டது.

இழுவை வண்டிக்கு 210. வேறொரு மெக்கானிக் ஹப்பையும் பிரேக் தட்டையும் மாற்றிப் புதுப் போல்ட்கள் போட 1,340. அவர்தான் ரயரின் பக்கச்சுவரைக் காட்டினார். அங்கே முட்டை வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் 3214. அதாவது 2014 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம் செய்த ரயர். "இரண்டு குளிர்காலம்!" நான்கு ரிம்களின் துளைகளும் நசிந்திருக்கின்றன. ஆக 1,800 உம் குப்பை, 130 உம் குப்பை. மொத்தம் 3,480 டொலர்.

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனத்தில் பூட்டும் புதிய அல்லது புதுப்பித்த பாகங்களுக்கும் அவற்றைப் பூட்டும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் இருக்கிறது. நேரில் போய்ச் சொன்னேன். மனிதர் கண் இமைக்காமல், "நான் விற்றது பழைய ரிம், புதியதும் இல்லை, புதுப்பித்ததும் இல்லை" என்றார். போல்ட் பொருந்துமா என்று கேட்டபோது தெரியாத நுணுக்கமெல்லாம் சட்டத்தில் தெரிகிறது! ட்ரக்கில் இருந்து சில்லு கழன்றால் 1997 முதல் இந்த மாகாணத்தில் 50,000 டொலர் வரை தண்டம் போடலாம், பராமரிப்பில் கவனமாக இருந்தோம் என்ற சாக்கு எடுபடாது. என் கார் ட்ரக் இல்லை, எனவே எனக்கு ஒரு தேநீர்.

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சில்லு பூட்டும் முறையை விளக்கமாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான். ரிம் மாறினால் போல்ட் உட்காரும் துளையின் வடிவமும் மாறலாம். பந்தா கூம்பா என்று துளைக்குள் விரலை விட்டுப் பார்த்த பிறகே காசை எடுங்கள். முதலில் கையால் திருகி, பிறகு நட்சத்திர ஒழுங்கில் (பக்கத்துப் போல்ட்டை விட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய்), முடிவில் டோர்க் ரென்ச்சால். ஏர் கன் கழற்றுவதற்கு மட்டும். எத்தனை நியூட்டன் மீற்றர் என்று உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறது, அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ரயரின் நான்கு இலக்கத்தை நீங்களே வாசியுங்கள். பொருந்தாத போல்ட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிச் சரிசெய்ய முடியாது, யாராவது அப்படிச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதே கடையில் அண்மையில் ரிம் வாங்கியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நசிந்த ரிம்களையும் மிஞ்சிய போல்ட்களையும் சாட்சிக்காக வைத்திருக்கிறேன். அந்த 3,480 டொலரைக் கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், இன்னொருவருடைய ரசீதும் சேர்ந்தால் கை பலமாகும்.