வீடு சூடாகத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை

மண்ணிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் என் புவிவெப்ப இயந்திரத்தை, அதாவது ஹீட் பம்ப்பை, பழுது பார்த்த கையோடு நண்பர் கேட்கிறார், "எங்கள் வீட்டுக்கும் புவிவெப்பம் போடலாமா?" என்று. கேட்ட நேரம் அப்படி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புவிவெப்பம் என்றதும் பலருக்கு ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றோ, 1913 முதல் நீராவியில் மின்சாரம் எடுக்கும் இத்தாலியின் லார்டரெல்லோவோதான் நினைவுக்கு வரும். வீட்டுக்குப் போடுவது அந்த ரகம் இல்லை. மண்ணிலிருந்து ஏறி வரும் குழாயைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும். அந்தச் சில்லிப்பிலிருந்தே கம்ப்ரசர் வெப்பத்தைக் கறந்து, வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் குழாய்களில் 35 டிகிரித் தண்ணீரை ஓட விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம். புகை இல்லை, வெளியே இரையும் விசிறியும் இல்லை. கடுங்குளிர்க் காலையில் வெறுங்காலோடு நடப்பதன் சுகமே தனி. மண்ணுக்குள் இருக்கும் குழாய் 50 வருடம் தாங்கும் என்கிறார்கள், நம்புகிறேன்.

ஆனால் கம்ப்ரசரால் முடியாதபோது கைகொடுக்க உள்ளே ஒரு துணை ஹீட்டர் இருக்கிறது பாருங்கள், அதுதான் வில்லன். சாதாரண மின் காயில். ஒரு யூனிட் தின்றால் ஒரு யூனிட்தான் தரும். இரவில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டுக் காலையில் ஏற்றினாலே போதும், முந்திக்கொண்டு வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த முறை நடந்தது வேறு. குழாய்ச் சுற்றில் காற்று புகுந்து, அழுத்தம் இறங்கி, ஓட்டம் குறைந்ததும் கம்ப்ரசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. துணை ஹீட்டர் சத்தமில்லாமல் மொத்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டது. வீடு கதகதப்பாகவே இருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? கரண்ட் பில் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. கண்ட்ரோலரில் மெனுவுக்குள் மெனுவாகப் போனால் ஒரு சின்ன எழுத்து மினுங்கும். இயந்திரம் நிற்கும் அறைக்குள் தினமும் போய் மெனுவை யார் புரட்டுவார்கள்? பழுதானால் வீடாவது குளிர வேண்டாமா! பழைய பாய்லர் நின்றால் நடுங்கி எழுந்து ஆளைக் கூப்பிடுவோம், அது நேர்மை.

வந்த மெக்கானிக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, "மெஷின்மேல் ஒரு குறையும் இல்லை" என்றார். உண்மைதான். காயிலில் போன காசு போனதுதான்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். துணை ஹீட்டருக்குத் தனி மீட்டர் வைத்து, அது ஓடினால் கத்துகிற மாதிரி ஒரு அலாரமும் மாட்டித் தருகிறேன் என்று எவராவது எழுதிக் கொடுத்தால், அப்புறம் பேசலாம்.