மாடித் தொட்டிக்கு ஒரு நோட்எம்சியு: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த 2019 ஜூன் மாதத்தில், தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தவன் நான்தான். அந்த வாரமே ரிச்சி தெருவுக்குப் போய், இஎஸ்பி8266 சிப் கொண்ட நோட்எம்சியு என்ற வைஃபை வசதியுள்ள குட்டிக் கணினி போர்டு ஒன்றையும், ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றையும் வாங்கி வந்து, தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டவும், நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவும் ஒரு கருவி செய்தேன். ஐந்து ஆண்டுகள் கடந்தும் அதே போர்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியிருந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது.

முதலில் போனது சென்சார். மூடியின் உட்புறம் பொருத்தியிருந்த அதன் வலைக்கண்களில் தொட்டியின் ஈரம் படிந்து, எட்டே மாதத்தில் துரு ஏறிவிட்டது. அடுத்து வாங்கிய ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி நீர் புகாத வகை. ஆனால் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எதையும் அதனால் ஒழுங்காக அளக்க முடியாது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் அளவு தவறாமல் வேண்டும் என்பதால், ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொட்டியின் வாயில் கவிழ்த்து, அதன் அடிப்பகுதியில் துளையிட்டு, நீர் எட்டாத உயரத்தில் சென்சாரைப் பொருத்தினேன். பார்க்க அழகாக இல்லை என்றாலும் இன்றுவரை அது அசையவில்லை. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் ஏறத்தாழ 355 மீட்டர் என்பதால், கோடை மதியத்தில் ஒரு மீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். வீட்டுத் தொட்டிக்கு அது ஒரு பொருட்டல்ல என்று விட்டுவிட்டேன்.

சென்சாரை மட்டும் நம்பக் கூடாது என்று ஒரு மிதவை சுவிட்சையும் சேர்த்திருந்தேன். என்னை மிக நீண்ட நாள் அலைக்கழித்த பிழை அங்கேதான் ஒளிந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் சில நாட்களில் போர்டு உயிர் பெறும். சில நாட்களில் ஊமையாகக் கிடக்கும். சார்ஜரை மாற்றினேன், மின்தேக்கி சேர்த்தேன், போர்டையே சந்தேகித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊமையாகக் கிடந்த நாட்களில் எல்லாம் தொட்டி நிறைந்திருந்தது என்பது உறைத்தது. மிதவை சுவிட்சை நான் டி3 முனையில் இணைத்திருந்தேன். சிப்பின் கணக்கில் அது ஜிபிஐஓ 0 என்ற உள்ளீட்டு-வெளியீட்டு முனை. போர்டு தொடங்கும் கணத்தில் அந்த முனை தரையோடு (கிரவுண்ட்) இணைந்திருந்தால், நிரலை ஓட்டாமல் புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும். தொட்டி நிறைந்தால் சுவிட்ச் மூடும், சுவிட்ச் மூடினால் முனை தரையோடு சேரும். கம்பியை டி2 முனைக்கு மாற்ற இரண்டு நிமிடம் ஆயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆகியிருந்தது.

அடுத்த பிழையை வெளியே கொண்டுவந்தது வீட்டுக்குப் புதிதாக வந்த இன்வெர்ட்டர். அதுவரை கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்ததால் போர்டும் அடிக்கடி புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் வந்த பின் தொடர்ந்து ஓடியதில், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உறைந்து நின்றது. போர்டுக்கு நிரல் எழுதப் பயன்படும் ஆர்டுயினோவின் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வகையில் சொற்களை ஒட்டி ஒட்டி நான் எழுதியிருந்த நிரல், அந்தச் சிப்பின் சிறிய நினைவகத்தைத் துண்டு துண்டாக்கி வைத்திருந்தது. நிலையான அளவுள்ள எழுத்து வரிசைகளுக்கு மாற்றி எழுதிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டு ஒரு பிழையை மறைத்து வைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போர்டின் கட்டளைப்படி மோட்டாரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சிறிய ரிலேயில் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நேரடியாக இணைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு என்பதால், என்னுடைய ரிலேயின் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன; நிரல் நிறுத்தச் சொல்லியும் மோட்டார் நிற்கவில்லை. இப்போது ரிலே, அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான ஒரு கான்டாக்டரை இயக்குகிறது, கான்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது. அந்த இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் செய்து கொடுத்தார்.

இத்தனைக்கும் மேல் என் நேரத்தைத் தின்றது கைப்பேசிச் செயலி. 2019இல் எழுதியதை ஆண்ட்ராய்டு 9-ஐ இலக்காக வைத்து மறுபடி தொகுத்தவுடன், போர்டோடு பேசுவதை அது நிறுத்திக்கொண்டது. மறையாக்கம் இல்லாத எச்டிடிபி இணைப்பை அந்தப் பதிப்பு இயல்பாகவே தடுக்கிறது. அதற்கு விதிவிலக்கு எழுதிச் சேர்த்தால், திரை அணைந்திருக்கும் நேரத்தில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் ஆண்ட்ராய்டு செயலியைத் தூங்க வைத்தது. தொட்டி நிறைந்த செய்தி, மோட்டார் நின்று நெடுநேரம் கழித்து வந்து சேர்ந்தது. பிறகு அம்மா ஆண்ட்ராய்டு 13 உள்ள கைப்பேசிக்கு மாறினார், அறிவிப்பே வரவில்லை. அந்தப் பதிப்பில் அறிவிப்புக்குத் தனியாக அனுமதி கேட்கும். “ஏதோ கேட்டுச்சுப்பா, நான் வேண்டாம்னு அமுக்கிட்டேன்” என்றார்.

அன்றே செயலியைக் கைவிட்டேன். போர்டே ஒரு சிறிய வலைப்பக்கத்தை வழங்குகிறது. ரவுட்டரில் அதற்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி, கைப்பேசியின் முகப்பில் குறுக்குவழியாக வைத்திருக்கிறோம். என் பழைய கைப்பேசி, அம்மாவின் புதியது, விருந்தாளியின் ஐபோன் எல்லாவற்றிலும் அது திறக்கிறது. அம்மாவுக்காக அடுப்படிச் சுவரில் ஒரு பஸ்ஸரும் பச்சை எல்இடியும் வைத்தேன். அவர் இப்போது கைப்பேசியைப் பார்ப்பதே இல்லை. பஸ்ஸர் கத்தினால், மோட்டார் நின்றுவிட்டதா என்று ஜன்னல் வழியாக ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறார்.