ஜெர்மனியா ஜப்பானா: ஒரு செமஸ்டருக்கு எது தோது?

நான் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரிக்காரி, ஜெர்மனிக்குப் போனேன். குன்னூரில் இருக்கும் என் சித்தி மகள் ஜப்பானுக்குப் போனாள். இருவரும் கோவையில் வெவ்வேறு கல்லூரிகளில் படித்தோம். போனது கல்லூரிகளுக்கு இடையிலான மாணவர் எக்ஸ்சேஞ்சில், தலா ஒரே ஒரு செமஸ்டர். திரும்பி வந்த நாளிலிருந்து அரவேனுவில் ஒரு பிள்ளை, கேத்தியில் ஒரு பிள்ளை என்று யாராவது போன் போட்டு, "அக்கா, ரெண்டுல எது பெஸ்ட்?" என்கிறார்கள். பல்கலைக்கழக ரேங்க்கை வைத்து நான் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் கிரெடிட்டைப் பற்றி, அதாவது அங்கே படித்த பாடம் இங்கே பட்டக் கணக்கில் எவ்வளவு சேரும் என்று பேசினால் சலித்துக்கொள்கிறார்கள்.

சரி, பணத்திலிருந்தே தொடங்குவோம். எக்ஸ்சேஞ்ச் என்றால் கட்டணத்தை நம் கல்லூரியில் கட்டினால் போதும், அங்கே படிப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். எனக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை கிடைத்தது. போகும் நாட்டைப் பொறுத்து அது மாதம் 800 முதல் 900 யூரோ வரை இருக்கும், விமானச் செலவுக்குத் தூரத்தைக் கணக்கிட்டுத் தனித் தொகை. அவளுக்கு ஜப்பானின் மாணவர் சேவை அமைப்பான ஜாஸ்ஸோ கொடுத்தது, மாதம் 80,000 யென். எண்பதாயிரம் என்றதும் சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நம் காசில் அது 45,000 சொச்சம்தான் என்று பிறகு தெரிந்தது. தொகையில் ஐரோப்பாதான் மேல். ஆனால் வாடகையும் மருத்துவக் காப்பீடும் அதைத் தின்றுவிடும். மீதம் பிடித்து வந்தோம் என்று நாங்கள் இருவருமே சொல்ல முடியாது. இன்னொன்று, என் முதல் தவணை தாமதமாகத்தான் வந்தது. ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

உதவித்தொகை இல்லாவிட்டால் ஜெர்மனியை மறந்துவிடலாம் என்பேன். விசாவுக்கு மாதம் 992 யூரோ கணக்கில் முடக்கிக் காட்டச் சொல்வார்கள், ஆறு மாதத்துக்கு கிட்டத்தட்ட 6,000 யூரோ. பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33.50 ரூபாய் கொடுங்கள் என்று 2023-இல் பந்தல் போட்டு உட்கார்ந்த ஊர் எங்களுடையது. அத்தனை யூரோவுக்கு எத்தனை மூட்டை இலை கிள்ள வேண்டும் என்று அப்பா கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

இனி கிரெடிட். சலித்தாலும் கேளுங்கள், இரண்டு நாடுகளுக்கும் நிஜமான வித்தியாசம் இங்கேதான். நம்மூரில் 3 கிரெடிட் பேப்பர் என்றால் 45 மணி நேர வகுப்பு. ஜெர்மனியில் நான் எடுத்த பாடம் வாரத்துக்கு நான்கு பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிடம். 15 வாரத்துக்குக் கூட்டினால் அதே 45 மணி, என் கல்லூரித் துறையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஜப்பானில் ஒரு பாடம் வாரத்துக்கு ஒரு முறை 90 நிமிடம், 15 வாரம். மொத்தம் இருபத்திரண்டரை மணி. வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து அவர்கள் அதற்கு 2 கிரெடிட் தருகிறார்கள். அவள் துறையில் வகுப்பு மணியை மட்டும் எண்ணி, ஒன்றரைதான் என்று அரை கிரெடிட்டை வெட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று ஆங்கிலத்தில் நடந்தவற்றில் பாதி ஜப்பானியப் பண்பாடு, சமூகம் என்று போனது. அருமையான வகுப்புகள் என்கிறாள். அவள் படித்தது உணவுத் தொழில்நுட்பம்.

எராஸ்மஸில் போகும் முன்பே, எந்தெந்தப் பாடம் படிப்பேன் என்று லேர்னிங் அக்ரிமென்ட் எழுதி, நான், என் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதில் இருப்பதைத் தேறிவிட்டால் இங்கே ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். இதுதான் பெரிய பாதுகாப்பு. ஆனாலும் நான் அடி வாங்கினேன். அங்கே போன பிறகு இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதின. ஒன்றை மாற்றினேன். அந்த மாற்றத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். என் துறையிலிருந்து கையெழுத்து வரவே இல்லை. மெயில் போட்டு, வாட்ஸ்அப்பில் கெஞ்சி, கடைசியில் அந்த ஒரு பேப்பரை ஊருக்கு வந்து அரியர் மாதிரி எழுதினேன். இன்னொரு சங்கடம், ஜெர்மனியில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில்தான் தாராளம். மூன்றாம் ஆண்டில் போகிறவர்களுக்குப் பட்டியல் குட்டையாக இருக்கும்.

(மார்க் ஷீட்டைப் பார்த்து அம்மா, "பத்துக்கு 1.7-ஆ?" என்று அழாத குறை. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். மறுநாள் வரை நம்பவில்லை.)

காலண்டரில் இரண்டும் ஒன்றுதான். இலையுதிர்காலத்தில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும். நம் அடுத்த செமஸ்டர் அதற்குள் பாதி தூரம் ஓடியிருக்கும். பகுதி நேர வேலை ஜப்பானில் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி, ஜெர்மனியில் 20. எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

குளிர் பற்றி மலைக்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. தலைகுந்தாவில் உறைபனி பார்த்தவள் நான், ஜெர்மனி என்ன செய்துவிடும் என்றுதான் போனேன். குளிர் ஒன்றும் செய்யவில்லை. அறைக்குள் எங்கள் வீட்டைவிடக் கதகதப்பு. இருட்டுதான் ஆளை அமுக்கியது. டிசம்பரில் நாலரைக்குள் சூரியன் காணாமல் போய்விடும், அதற்கு முன்பும் மேகம். ஜப்பானில் அவள் இருந்த ஷிசுவோக்காவில் குளிர்காலம் முழுக்க நல்ல வெயிலாம். துணி காய்ந்தது என்று போட்டோ அனுப்பி வெறுப்பேற்றினாள்.

சாப்பாட்டில் நான் ஜெயித்தேன். ஜெர்மன் சந்தையில் நூல்கோல், பீட்ரூட், சிவப்பு முட்டைகோஸ், லீக்ஸ். ஊட்டி மார்க்கெட்டில் நிற்பது போலவே இருக்கும். அவள் சைவம். ஜப்பானில் காய்கறி சூப்பிலும் மீன் சாறுதான் அடிப்படை என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஜெர்மனியில் காலி பாட்டிலைக் கடையில் கொடுத்து 25 சென்ட் திரும்ப வாங்கும் முறையைப் பார்த்து மற்ற இந்தியப் பிள்ளைகள் வியந்தார்கள். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்பது 2022-இலேயே முதலில் வந்த மாவட்டம் என்னுடையது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள்மேல் எனக்குப் பொறாமை. ஷிசுவோக்கா ஜப்பானின் பெரிய தேயிலைப் பகுதிகளில் ஒன்று. இங்கே இலையை வாட்டி, நசுக்கி, கிழித்து, சுருட்டி, சிடிசி எனப்படும் டீத்தூளாக்குகிறோம். அங்கே பறித்தவுடன் ஆவியில் காட்டி, பச்சை நிறம் மாறாமல் நிறுத்திவிடுகிறார்கள். சிறு விவசாயிகள் தாங்களே பதப்படுத்தி விற்கும் இடங்களை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்த்து, நோட்டு நிறைய எழுதி வந்தாள். அதற்கு யாரும் கிரெடிட் தரவில்லை. ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட்டை அதிலேயே செய்தாள்.

போன வாரம் பேசிய அரவேனு பெண்ணுக்கு மூன்றாம் ஆண்டு, எழுத வேண்டியது ஐந்து கட்டாய பேப்பர். ஜெர்மனிக்கு விண்ணப்பம் போடு, பாடத்தை மாற்ற நேர்ந்தால் யார் கையெழுத்துப் போடுவார் என்று இப்போதே கேட்டுவை என்றேன். கேத்திப் பையனுக்குக் கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும்தான். அவனை ஜப்பானுக்கு போடச் சொல்லி, தங்கச்சி நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.